யார் வீட்டில் இருக்கிறது?

பெரியவனுக்கு அப்பா எழுதுவது.

போனில் கேட்க வாய் வரவில்லை. நம் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் டாக்டரம்மா நேற்று எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு வந்திருந்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தினசரி மாத்திரைக்குப் பதில் சில மாதங்களுக்கு ஒரு ஊசி போதுமா என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டார்.

சிமெண்ட் கடைக்காரர் சிரித்தார். "நம்ம வீடுங்கள்ல யாருக்கும்மா இருக்கு? எவனோ ஊர் மேயறதுக்கு நாம ஏன் அழணும்?"

டாக்டரம்மா மறந்தும் என் பக்கம் திரும்பவில்லை. நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முடிவெடுக்கிறார்கள். நம்மில் ஒருவர் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் கை தூக்குவார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

விடுதியில் மாத்திரையைச் சாக்ஸுக்குள் ஒளித்து வைக்கிறாயாமே. அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் இது உன் விஷயம். நீ சொல்லாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன். சம்மதமா என்று ஒரு வரி எழுதி டிரைவரிடமே கொடு.

வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. எனக்குத்தான் இருக்கிறது என்று எழுந்து சொல்லிவிடுவேன். அம்மாவிடம் கேட்டேன்.

"அப்ப என்னையும் சேத்துச் சொல்லிடுங்க. தனியா பேர் வாங்கிக்காதீங்க" என்றாள்.

உன் பதிலுக்காகக் கடை வாசலிலேயே நிற்கும்,
அப்பா