பொன்னுருக்கிய பிறகு

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
17 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் நலம். ஒஸ்லோவில் நீங்களும் அண்ணியும் நலம் என்று நம்புகிறேன். குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகியதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டதாகச் சின்னம்மாவின் மகள் துஷாந்தினி சொன்னாள். உங்கள் குரல் பதிவுகளைக் கேட்டு முடிப்பதென்றால் ஒருவர் வேலையை விட வேண்டும். அதுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீங்கள் இடையில் மறிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள் நிரோஜாவின் கல்யாணம் ஜூனில் இல்லை. மாப்பிள்ளை தாராஸ் நேற்று வந்து, செப்ரெம்பருக்குத் தள்ளிவைப்போம் என்றான். ஏன் என்று கேட்டால் "மாமா" என்கிறான். அவனுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. டிசம்பரில் நத்தாருக்கு நீங்கள் இங்கே வந்து நின்றபோது அவனை பேஸ்மென்ற்றில் இருத்திவைத்து, இலங்கையில் சமாதான காலத்தில் நோர்வேக் கண்காணிப்புக் குழுவுக்கு மொழிபெயர்த்துத் திரிந்த கதை முழுவதையும் சொன்னீர்கள். இப்போது ஜெட்டாவில் கூடிக் கதைத்தார்களாம், முப்பது நாள் யுத்த நிறுத்தம் வருமாம், வந்தால் அவனுடைய தமையன் பாவ்லோ உக்ரைன் முன்னரங்கிலிருந்து கல்யாணத்துக்கு வந்துவிடுவானாம், கொஞ்சம் பொறுக்கட்டுமாம். இவ்வளவும் நீங்கள் அவனுக்கு எழுதியது.

தமையன் இல்லாமல் மணவறையில் இருக்க அவனுக்கு மனமில்லை. அது எனக்கு விளங்குகிறது. ஆனால் உக்ரைன் சண்டை எப்போது நிற்கும் என்று வாஷிங்டனுக்கும் தெரியாது, லண்டனுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணை தெரியும்?

இவர் விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளை ஏற்றி இறக்கிக் களைத்து வந்து, "கொண்ணரை ஒருக்கா வாயை மூடச் சொல்லு" என்கிறார். நான் மரியாதையாக எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு இனி நாள் குறித்துக் கொடுக்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
நேசம்

*

ஒஸ்லோ
23 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி நேசத்துக்கு,

உன் கடிதம் கண்டேன். கோபம் வந்தால் உனக்கு எழுத்து நன்றாக வருகிறது. பிரஷர் குளிசையை ஒழுங்காக எடு.

நான் ஒன்றும் சாத்திரம் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னேன். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறக்கும் என்று யார் நம்பினார்கள்? நீ நம்பினாயா? திறந்த கிழமையே எங்கள் தம்பி சாரங்கன் வன்னியிலிருந்து சைக்கிளில் வந்து உன் வாசலில் இறங்கினான். நிரோஜாவை அவளுடைய நாலாவது வயதில்தான் முதன்முதலாகத் தூக்கினான். பெரிய மனிதர்கள் தங்கள் தேவைக்காகத்தான் கைகுலுக்குகிறார்கள், எனக்கு அது தெரியாதா? குலுக்கினால் பாதை திறக்கும். எனக்கு அது போதும்.

இங்கே தொலைக்காட்சியில் படித்தவர்கள் இருந்து, இப்போது நிறுத்தினால் ரஷ்யா இளைப்பாறிவிட்டுத் திரும்ப வரும் என்கிறார்கள். வரலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளை ஒருவனும் பதுங்குகுழியில் இல்லை. சண்டை ஒரு மாதம் நின்றாலும் அந்த ஒரு மாதத்துக்கு ஒரு தாய் நித்திரை கொள்வாள். தாராஸுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். செப்ரெம்பர் நல்ல மாதம். குளிரும் இராது.

அன்புடன் அண்ணை,
உருத்திரமூர்த்தி

*

ஒஸ்லோ
14 ஓகஸ்ட் 2025

அன்பு நேசம்,

அவசரமாக எழுதுகிறேன். நாளை அமெரிக்க, ரஷ்யத் தலைவர்கள் அலாஸ்காவில் சந்திக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் வெறுங்கையோடு எழும்பிப் போக மாட்டார்கள். செப்ரெம்பரை விட்டுவிட்டுக் கார்த்திகையில் வைப்பதுதான் புத்தி. தாராஸுக்கும் எழுதிவிட்டேன், அவனுக்குச் சந்தோஷம்.

அண்ணை

*

பியர்பொன்ட்ஸ்
18 ஓகஸ்ட் 2025

அண்ணைக்கு,

அலாஸ்காவில் வெறுங்கையோடுதான் எழும்பிப் போனார்கள். இங்கே அழைப்பிதழ் அச்சடித்து, பாதி வீடுகளுக்குக் கொடுத்தும் முடித்துவிட்டோம். இப்போது அதே வீடுகளுக்குப் போய், கல்யாணம் இல்லை, கார்த்திகையில் பார்ப்போம் என்று சொல்லித் திரிகிறேன். எங்கள் ஊர் அருமைநாதன் அண்ணையின் மனைவி கௌரி என்னைக் கதவடியில் நிறுத்திவைத்து, "மாப்பிள்ளை பக்கம் ஏதும் பிரச்சினையோ" என்று கேட்டாள். பிரச்சினை பெண் பக்கத்தில், தாய்மாமன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

நிரோஜா சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்குப் பயம் இருந்திராது. மெதுவாக வந்து குசினியில் நின்று, "அம்மா, ஹலிஃபக்ஸில ஒரு வேலை கிடைச்சிருக்கு. கார்த்திகையும் போனா நான் தனியப் போறன்" என்றாள். தாராஸோடு ஆறு வருடப் பழக்கம், அண்ணை. என்றாலும் அவள் சொன்னால் செய்வாள்.

இன்னொன்றும் கேளுங்கள். நேற்று அவளே பாவ்லோவோடு வீடியோவில் கதைத்தாள். யுத்த நிறுத்தம் வந்தால் உங்களை விடுவார்களா என்று நேரே கேட்டாள். அவன் சிரித்தானாம். சுடுவது நின்றால், நின்றதைக் காவல் காக்க ஆள் வேண்டாமா என்று கேட்டானாம். சண்டை நின்றாலும் அவன் அந்தக் குழியில்தான் நிற்பான், எல்லையும் அவன் வயதுக்காரருக்குத் திறக்காது. மேற்கு நாட்டுக்காரர் ஆயுதம் தருவதென்றால் பிந்தித் தருகிறார்கள், ஆலோசனை மட்டும் நேரத்துக்கு வருகிறது என்றும் சொன்னானாம். பிறகு தாராஸைக் கூப்பிட்டு ஏசியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் உன் கல்யாணம் நின்றதற்கு நான் காரணமா, எனக்கு இங்கே இருக்கிற பாரம் போதாதா என்று.

கண்காணிப்புக் குழுவோடு நின்ற உங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? எங்கள் பாதை திறந்தால் எல்லோருடைய பாதையும் திறக்குமா?

எழுதக்கூடாது என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். 2005இல், நாங்கள் இங்கே வந்த கையோடு, சாரங்கனைக் கனடாவுக்கு எடுக்க எல்லா ஒழுங்கும் செய்திருந்தேன். "பொறடா, சமாதானம் வருது, நான் உள்ளுக்கை நிண்டு பாக்கிறன்" என்று அவனை மறித்தது நீங்கள். அடுத்த வருடம் பாதை பூட்டியது. எங்கள் தம்பி எங்கே என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. உங்கள் பேச்சை நம்பிக் காத்திருக்க இன்னொரு பிள்ளையை நான் தர மாட்டேன்.

சிவநேசம்

*

ஒஸ்லோ
12 ஒக்ரோபர் 2025

அன்பு நேசம்,

பதில் எழுதப் பிந்திவிட்டது. எழுத உட்கார்வதும் எழும்புவதுமாக இருந்தேன்.

தாராஸுக்கு எழுதிவிட்டேன். எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியாது, என்னைக் கேட்டு ஒன்றும் செய்யாதே, கார்த்திகையில் தாலியைக் கட்டு என்று. எனக்குத் தெரியாது என்று இந்த வயதுவரை நான் ஒருவருக்கும் எழுதியதில்லை.

தம்பியைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லை. கல்யாணக் காலையில் பெண்ணின் தலையில் பாலறுகு வைக்கும்போது, தாய்மாமன் உடைக்கிற தேங்காயை உடைக்க அருமைநாதனைக் கேள், அவன் மறுக்க மாட்டான். கொஞ்சக் காலம் போகட்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணை

*

பியர்பொன்ட்ஸ்
22 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்றுப் பொன்னுருக்கினோம். மாப்பிள்ளை வீட்டில் செய்ய வேண்டியது என்பதால் தாராஸின் நோத்ர-டாம்-த-கிரேஸ் அப்பார்ட்மெண்டில் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டாராக அருமைநாதன் அண்ணையும் கௌரியும் நின்றார்கள். ஆசாரி தாலிக்குப் பொன்னை உருக்க நெருப்பை மூட்டியதும் புகை அலாரம் அடிக்கத் தொடங்கியது. கார்கிவில் இருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த தாராஸின் தாய், அது தங்கள் ஊரில் குண்டுவீச்சுக்கு ஊதும் சங்கு என்று நினைத்து எழும்பி ஓடிவிட்டார். நாங்கள் அலாரத்துக்குத் துவாயால் விசிறிக்கொண்டு நிற்க, அவர் போன இடத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை அழுதான். பிறகு அவர் திரும்பி வந்து இருந்தார்.

பொன்னுருக்கினால் நாள் மாற்றக்கூடாது, இடையில் செத்தவீடு வந்தாலும் குறித்த நாளில் தாலி கட்டியே ஆக வேண்டும் என்று கௌரி சொல்ல, அவன் தாய்க்கு மொழிபெயர்த்தான். யார் சொன்னாலும் மாற்ற முடியாதா என்று அவர் கேட்டார். "ஓம், ஒருத்தராலும் ஏலாது" என்றாள் கௌரி. அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, நல்லது என்றார். தனக்குப் பதிலாக மாப்பிள்ளைத் தோழனாக அருமைநாதன் அண்ணையின் மகன் யதுர்ஷனை நிறுத்தச் சொல்லிப் பாவ்லோவே தகவல் அனுப்பியிருக்கிறான்.

அன்று பின்னேரமும் செய்தியில் புதிதாக ஒரு சமாதானத் திட்டம் என்று கத்தினார்கள். தாராஸ் எழும்பிப் போய் நிறுத்திவிட்டான். அவனுக்கு வேண்டாம் என்றில்லை. வந்தால் வரட்டும், நான் அடுத்த சனிக்கிழமை தலைமயிர் வெட்டப் போக வேண்டும் என்றான்.

தம்பியைப் பற்றி நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் முழுவதையும் எழுதவில்லை. அவனும் நம்பினான், நானும் நம்பினேன். அந்தச் சமாதானத்தை நம்பி யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வெள்ளையடித்தவள் நான். பழியை உங்கள் தலையில் மட்டும் வைத்தது எனக்கு வசதியாக இருந்தது. உங்களில் இன்னும் கோபம்தான். அது இப்போதைக்குத் தீராது.

கொஞ்சக் காலம் போகட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் போக வேண்டும்? கோபம் எல்லாம் தீர்ந்த பிறகு சந்திப்போம் என்று இருந்தால், தம்பியை இழந்தது போல நாங்களும் ஒருவரையொருவர் காணாமலே போய்விடுவோம்.

அடுத்த ஞாயிறு, முப்பதாம் திகதி காலை பாலறுகு. அருமைநாதன் அண்ணையை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எந்த விமானம் என்று இவருக்கு அறிவியுங்கள். என்னோடு கதைக்க வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். பொன்னுருக்கியாகிவிட்டது, உங்களுக்காகவும் இனி நாள் மாறாது. வந்து தேங்காயை உடையுங்கள்.

உங்கள் தங்கச்சி,
நேசம்