கேட் ரெஜிஸ்டரில் ஒரு வரி

கொடைக்கானல்
4.2.2025, செவ்வாய் பகல்

பழனி அடிவாரத்துல குடியிருக்கிற கந்தவேல் மாப்ளைக்கு, உங்க மச்சான் சேனாதிபதி எழுதிக்கிறது.

போன்ல கத்துனா மலை பூரா கேக்குது, உங்க காதுக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது. அதான் அஞ்சாப்புப் படிச்ச கைய வச்சு எழுதுறேன். தப்பு இருந்தா, கோயில் ஆபீஸ்ல முப்பது வருசம் பேனா பிடிச்ச நீங்களே திருத்திக்கோங்க. என் தங்கச்சி கண்மணிக்கு முட்டிவலி தேவலையா? தைப்பூசக் கூட்டத்துக்குள்ள அவள அனுப்பாதீங்க. நீங்க போங்க. தொலைஞ்சா தேட மாட்டோம்.

இங்க பனி சௌக்கியம். நானும் அதே கம்பளி, அதே நாற்காலின்னு காலேஜ் கேட்டுல உக்காந்துருக்கேன்.

இன்னைக்கு ஒரு கூத்து. பூம்பாறையில இருந்து முகேஷ்னு ஒரு பய வந்தான். கையில கனகாம்பரம், தோள்ல பை. ரெண்டாம் வருசம் படிக்கிற தமிழ்மதிக்கு இவன் சொந்தத் தாய்மாமன் மகனாம். ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட வந்தானாம். வெளியாளு வந்தா ஆஸ்டலுக்குப் போன் போட்டு அந்தப் பிள்ளைகிட்ட கேக்கணும், அது சரின்னா ரெஜிஸ்டர்ல எழுதி உள்ள விடணும். இங்க சட்டம் அப்படி. "முறைமாப்பிள்ளைக்கு என்னடா ரெஜிஸ்டரு, போலே உள்ள"ன்னு விட்டுட்டேன். பையில என்னன்னும் கேக்கல. பூம்பாறைக்காரன் பூண்டத் தவிர என்னத்தக் கொண்டாருவான்?

அந்நேரம் பாத்து தமிழ்மதி லைப்ரரியில இருந்து இறங்கி வருது. வடகவுஞ்சிப் பிள்ளை, என்னைய விட வாய். "தாத்தா, பல்செட்ட இன்னைக்கு எந்த டம்ளர்ல மறந்தீங்க"ன்னு தெனமும் கேக்கும். நான் விடுவேனா? "ஏத்தா, உன் மாமன் வந்திருக்கான், ஓடி ஒளியாத"ன்னு கத்துனேன். அப்படியே நின்னுருச்சு. "இவர எதுக்குத் தாத்தா விட்டீங்க? நான் வரச் சொல்லலையே"ன்னுச்சு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. வெக்கம் மாப்ளே, வெக்கம்! நீங்க மொத மொத எங்க வீட்டுக்கு வந்தன்னைக்குக் கண்மணி மாட்டுக்கொட்டகைக்குள்ள போய் ஒளிஞ்சாளே, நான்தான கையப் பிடிச்சு இழுத்தாந்து உங்க முன்னாடி நிப்பாட்டுனேன். அச்சு அசலா அதே மூஞ்சி.

இப்ப ரெண்டும் பேரிக்கா மரத்தடியில நின்னு பேசுதுக. இங்கிருந்து பாத்துக்கிட்டே எழுதுறேன். தபால்காரர் வண்டி வந்துருச்சு, அவர் கையிலயே குடுத்துடுறேன்.

உங்க காதுக்கு மருந்து கிடைக்காம இருக்க வேண்டிக்கிற
சேனாதிபதி


பழனி
7.2.2025

அன்புள்ள மச்சானுக்குக் கந்தவேல் எழுதுவது.

புதன்கிழமை பேப்பரில், கொடைக்கானலில் கல்லூரி மாணவி கொலை என்று பார்த்தேன். உங்கள் கல்லூரியாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. பேப்பரில் இருந்த பெயர் அதிலும் இருந்தது.

மூன்று தடவை படித்தேன். பிறகு கண்மணி வாங்கிப் படித்தாள். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. என் காதுக்காகக் கத்திக் கத்தி அலுத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவல்ல.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, மச்சான்? உங்களுக்கு அடி ஏதும் படவில்லையே?

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணே அவனை வரச் சொன்னதாகக் கேட் ரெஜிஸ்டரில் எழுதியிருக்கிறது என்று இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி இல்லையே. எது உண்மை?

உங்கள் பதிலுக்காகத் தெருவைப் பார்த்திருக்கும்
கந்தவேல்


கொடைக்கானல்
10.2.2025

மாப்ளே,

கை ஓட மாட்டேங்குது. தபால்காரர் வண்டி அந்த வளைவு கூடத் திரும்பல. சத்தம் கேட்டுச்சு. பாத்தா கனகாம்பரம் தரையில கெடக்கு. பிள்ளையும் கெடக்கு. பையில பூண்டு இல்ல மாப்ளே. அருவா.

நான் ஓடுனேன். எழுவத்தோரு வயசுக் கால் எம்புட்டு ஓடும்? அவன் பின்பக்கச் சுவரு ஏறிக் குதிச்சுட்டான். சாயங்காலம் பெருமாள்மலையில வச்சுப் பிடிச்சாங்க. ரெண்டு தடவ பொண்ணு கேட்டுப் போனானாம், படிப்பு முடியணும், வேணாம்னு சொல்லிருச்சாம். இப்ப போலீஸ்ல "அவதான் என்னைய வரச் சொன்னா"ங்கிறான்.

காலேஜ்ல குருவி கத்துனாக்கூடப் பிள்ளைக திடுக்குனு திரும்புதுக. ஆஸ்டல்ல ஆக்குன சோறு அண்டாவோட அப்படியே கெடந்துச்சு. தகப்பன்மாரு ஜீப்புல வந்து பொட்டி படுக்கையோட கூட்டிட்டுப் போறாங்க. போகாதவுக பேரிக்கா மரத்தடியில மெழுகுவத்தி ஏத்தி வச்சு அப்படியே உக்காந்துருக்குதுக. கணக்கு வாத்தியாரு வருகைப் பதிவு எடுக்கையில பழக்கத்துல "தமிழ்மதி"ன்னு கூப்பிட்டுட்டாராம். வகுப்பே எந்திரிச்சு வெளிய வந்துருச்சு. வாத்தியாரும் வந்துட்டாரு.

கேட்டீங்கல்ல, எது நெசம்னு. அந்த வரிய நான்தான் எழுதுனேன். போலீஸ் வாறதுக்குள்ள ரெஜிஸ்டரப் பாத்தேன், வெறும் கட்டமா இருந்துச்சு. பயந்துட்டேன் மாப்ளே. "பிள்ளை வரச் சொன்னது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். கேமராவுல நான் அவன்கூடச் சிரிச்சுப் பேசுற படம் இருக்கு, சத்தம் இல்ல. எல்லாரும் ரெஜிஸ்டரத்தான் நம்புறாங்க. மெழுகுவத்தி பிடிச்ச பிள்ளைகள்லயே சிலது, "அவளே வரச் சொல்லிட்டு..."ன்னு குசுகுசுக்குதுக. அந்தப் பக்கத்தப் போட்டோ பிடிச்சது போனுக்குப் போன் போகுது.

அவ ஆத்தா வந்துச்சு. வெட்டுனது அதோட சொந்த அண்ணன் மகன். மகளப் பாத்து அழுகல மாப்ளே. "வேணாம்னவ எதுக்குடி வரச் சொன்ன"ன்னுதான் கேட்டுச்சு. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். என் வாயி, ஊரையே நக்கலடிக்கிற வாயி, தெறக்கல.

அவகூட ஒரே ரூம்புல இருந்த பாண்டிச்செல்வி கேட்டுக்கு வந்து, "தாத்தா, நெசமாவே அவ வரச் சொன்னாளா?"ன்னு கேட்டுச்சு. ரெஜிஸ்டரக் கைகாட்டுனேன்.

நான் மொத எழுதுன கடுதாசிய வெரசா அடுப்புல போட்டுருங்க. போட்டுட்டு ஒரு வரி எழுதுங்க.

சேனாதிபதி


பழனி
14.2.2025

மச்சானுக்கு,

கடிதத்தை எரிக்கவில்லை. கவர் கூடப் பத்திரமாக இருக்கிறது. அதன் மேல் கொடைக்கானல் தபால் முத்திரை, 4ஆம் தேதி. அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதம். "நான் வரச் சொல்லலையே" என்று அவள் சொன்னது, இந்த உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. அதை அடுப்பில் போட என் கை வரவில்லை.

போலீசில் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் எழுதியது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அங்கே உங்கள் வீட்டிலும் அடுப்பு இருக்கிறது. அது உங்கள் பாடு.

கண்மணி ஒருவழியாகப் பேசினாள். என் காதுக்குள் கத்தவில்லை. ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணன் கிட்ட சொல்லுங்க. அன்னைக்கு மாட்டுக்கொட்டகையில எனக்கு வெக்கம் இல்ல. பயம். வேணாம்னு அண்ணன் கிட்ட சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கையப் பிடிச்சு இழுத்துச்சு."

நாற்பத்திரண்டு வருடம் கழித்து எனக்கும் இப்போதுதான் தெரிகிறது, மச்சான். தைப்பூசத்துக்கு ஊரே மலை ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம். நான் அவளிடம், "அப்புறமாவது பயம் போனதா?" என்று கேட்டேன். "நீங்க கேட்டதே இப்பத்தான" என்றாள்.



கந்தவேல்


வில்பட்டி
20.2.2025

மாப்ளைக்குச் சேனாதிபதி எழுதுறது.

கடுதாசி வந்துச்சு. ரெண்டு நாள் சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். அடுப்பு பக்கத்துல ஒரு தடவ போய் நின்னேன். பொய் சொல்ல மாட்டேன்.

திங்கக்கிழம வெள்ளனே காலேஜுக்குப் போனேன். பாண்டிச்செல்வியக் கூப்பிட்டு, "ஆத்தா, எனக்கு இதச் சத்தமாப் படிக்க வாய் வரல, நான் எழுதுனத நீயே படி"ன்னு குடுத்தேன். அது மரத்தடியில நின்னு சத்தமாப் படிச்சுச்சு. பிள்ளைக கூடிருச்சு. பல்செட்டு சேதி வந்த எடத்துல ஒரு பிள்ளை சிரிச்சுருச்சு, சிரிச்சுட்டு ஓன்னு அழுதுருச்சு. "நான் வரச் சொல்லலையே"ங்கிற எடத்துல பாண்டிச்செல்வி நிறுத்திருச்சு. அந்த வரிய மறுபடியும் படிச்சுச்சு. என்னைய யாராச்சும் அடிப்பாகன்னு நின்னேன். அடிக்கல. யாரும் என்னையப் பாக்கவே இல்ல.

அப்புறம் இன்ஸ்பெக்டர்கிட்ட கடுதாசியவும் கவரையும் குடுத்தேன். பொய்யா எழுதுனதுக்கு என் மேலயும் கேஸ் உண்டுன்னாரு. சரின்னேன். எனக்கு வேல போயிருச்சு, வில்பட்டி வீட்டுக்கே வந்துட்டேன். போகட்டும். அந்தப் பய கேஸ்ல கோர்ட்டுல வந்து இதையே சொல்லணுமாம். சொல்லுவேன்.

ரெஜிஸ்டரு இப்ப அவுக கையில இருக்கு. கேட்டுப் பாத்தேன், அதுல இனி யாரும் கை வைக்கக் கூடாதுங்கிறாங்க. அதனால அவங்க எழுதுன வாக்குமூலத்துக்கு அடியில என் கையாலயே ஒரு வரி எழுதுனேன்: "பிள்ளை வரச் சொல்லலை. கேக்காம விட்டது நான்."

நேத்து வடகவுஞ்சிக்குப் போனேன். அந்த ஆத்தா வாசல்ல உக்காந்துருந்துச்சு. சொன்னேன். "அவ வரச் சொல்லலையா?"ன்னுச்சு. "இல்லத்தா, எதுக்கு விட்டேன்னு என்கிட்டதான் சண்டைக்கு வந்துச்சு"ன்னேன். அதுக்கப்புறந்தான் மாப்ளே அது அழுதுச்சு. மகள் பேரச் சொல்லி, தெருவே கூடுற மாதிரி அழுதுச்சு. என்னைய இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நானே எந்திரிச்சு வந்துட்டேன்.

மாட்டுக்கொட்டகைச் சேதிய இந்த நாப்பத்திரண்டு வருசமும் கல்யாணம் காதுகுத்துன்னு எல்லா வீட்டுலயும் சொல்லிச் சிரிக்க வச்சிருக்கேன். கண்மணியும் அங்கதான் இருந்திருக்கா. அவ சிரிச்சாளான்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். நெனவு வர மாட்டேங்குது.

மாசி மகத்துக்கு வழக்கமா நான் சொல்லாமக் கொள்ளாம உங்க வீட்டுக்கு வந்து நிப்பேன். இந்தத் தடவ கண்மணிகிட்ட கேளுங்க, அண்ணன் வரலாமான்னு. உங்ககிட்ட இல்ல, அவகிட்ட கேளுங்க. வரச் சொன்னா வாறேன்.

சேனாதிபதி