அப்பாவின் சிவப்பு

டெஸ்னா
6 மார்ச் 1961

அன்புள்ள பிளாஷெனாவுக்கு,

நலமா? நீ போட்ட இரண்டு வரிக் கடிதம் கிடைத்தது. அதில் ஒரு வரி மழையைப் பற்றி. கோபம் இன்னும் போகவில்லை என்று புரிந்துகொண்டேன்.

ரயிலில் ஒரு பெட்டி வருகிறது. வைக்கோலுக்குள் நான் ஊதிய ஜாடி இருக்கிறது. உள்ளே நிறமில்லாத கண்ணாடி, மேலே சிவப்பு; சிவப்பைச் சக்கரத்தில் வெட்டினால் பூ பளிச்சென்று தெரியும். பிராக் கண்காட்சிக்காக எங்கள் ஆலை நடத்தும் தேர்வில் வைக்கப்போவது. "என் பெண்டாட்டிதான் பூ வெட்டணும், வேற யார் கையும் படக்கூடாது" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். நம் கல்யாணக் கிண்ணத்தில் வெட்டினாயே, அதே லிண்டன் மரத்துப் பூ. ஜாடி தேர்வானால் எனக்கு ஒரு வீடு தருகிறார்கள். நீ இங்கே வந்துவிடலாம். உன் கசகசா பன் சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

அன்புடன்,
விலேம்

நோவி போர்
17 மார்ச் 1961

விலேமுக்கு,

உன் பெட்டி செவ்வாயன்று வந்தது. "பேக்கிங் பண்றவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டுவிட்டுத்தான் மேஸ்திரி கோமாரெக் சாணைச் சக்கரத்தைத் தர ஒப்புக்கொண்டார். வந்த பொருளை மூன்று நாள் தொடாமல் வைப்பது எங்கள் பட்டறை வழக்கம், உனக்குத் தெரியும். இன்று காலை நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் டிக் என்று ஒரு சத்தம். ஜாடியில் விளிம்பிலிருந்து அடிவரை விரிசல். "ஏய், யாருமே தொடலையேடி! தானா வெடிச்சிருக்கு!" என்று பக்கத்து மேஜை ரூஷெனா கத்தினாள். பட்டறையே திரண்டு வந்து பார்த்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு உன் சிவப்புக் கிண்ணம் என் சக்கரத்தில் வெடித்தபோது, இதே ஆட்கள் முன்னால் நீ என்ன சொன்னாய்? "கையை ரொம்ப அழுத்திட்டா, வேற என்ன?" அதனால்தான் இன்று பேக்கிங்கில் வைக்கோல் திணித்துக்கொண்டிருக்கிறேன். நானே என் கையைச் சந்தேகப்பட்டேன், விலேம்.

இரண்டுமே உன் அப்பா விட்டுப்போன சிவப்புக் கண்ணாடிக் கட்டிதானே? ஆலைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, நூல் மாதிரி மெல்லிசாக இழுத்துப் பார்த்தாயா? இரண்டும் ஒரே அளவில் சுருங்காத, ஒத்துப்போகாத கண்ணாடி என்றால் ஆறும்போதே நூல் வளைந்திருக்குமே. இப்போதாவது இழுத்துப் பார். பார்த்ததைக் கோமாரெக்குக்கு எழுது. எனக்கு என் சக்கரம் திரும்ப வேண்டும்.

பிளாஷெனா

டெஸ்னா
29 மார்ச் 1961

அன்புள்ள பிளாஷெனாவுக்கு,

ரயிலில் பெட்டி குலுங்கியிருக்கும். அப்பா நாற்பது வருஷம் ஊதிய சிவப்பை நான் நூல் இழுத்துச் சோதித்தால் என்னோடு ஊதும் குழுவில் சிரிப்பார்கள். முதலில் நீ இங்கே வா. வந்த பிறகு கோமாரெக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

விலேம்

டெஸ்னா
8 மே 1961

பிளாஷெனா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்று எல்லார் முன்னாலும் நூல் இழுத்தேன். ஆறுவதற்குள் அரிவாள் மாதிரி வளைந்துவிட்டது. "மாஸ்டர், இதுக்கா அண்ணி கைமேல பழியைப் போட்டீங்க?" என்று என் உதவியாள் ஸ்லாவெக் கேட்டான். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கிண்ணம் வெடித்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது. அப்பா பெயர் கெடக்கூடாது என்று உன் பெயரைக் கெடுத்தேன். கோமாரெக்குக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கண்காட்சிக்கு வேறொரு குழுவின் ஜாடி போகிறது. வீடும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், வருவாயா?

விலேம்

நோவி போர்
20 மே 1961

அன்புள்ள விலேமுக்கு,

தனக்கு நீ எழுதிய கடிதத்தைக் கோமாரெக் பட்டறையில் உரக்கப் படித்தார். "இன்னொரு தடவ படிங்க" என்றேன். படித்தார். திங்கட்கிழமையிலிருந்து சக்கரம் மறுபடி எனக்கு.

நான் அங்கே வரவில்லை. சந்தேகம் இருந்தும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. ஆனால் நீ நன்றாக ஊதுகிறவன், அதை நான் மறுக்கமாட்டேன். ஒரு ஜாடி ஊதி அனுப்பு, லிண்டன் பூ வெட்டித் தருகிறேன். சிவப்பு வேண்டாம், நிறமே வேண்டாம்.

பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது கசகசா பன் நான்கு வைக்கிறேன். வந்து சேர்வதற்குள் காய்ந்துதான் போயிருக்கும்.

பிளாஷெனா