கத்திய நூலகரும் வாயை மூடிய கண்டக்டரும்

அன்பு மகனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், மனசைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் உன் அப்பா, நான், உன் அக்கா, சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் தம்பியாகிய உன் மாமா, நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண், அவளைப் பெற்ற அப்பா, அம்மா, ஆக ஏழு பேர். எட்டாவதாக இருந்திருக்க வேண்டியவன் நீ. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய், அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர்கள் எதற்காகக் கடல் தாண்டி வந்தார்கள் என்று உனக்குத் தெரியும். நம்மை நேரில் பார்த்த பிறகுதான் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்வேன் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் நீ போனில் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அந்த நாட்டுக்காரர்களுக்குப் பேச்சே ஆகாது, சத்தம் போடுகிற ஆளைக் கண்டால் எழுந்து போய்விடுவார்கள், அப்பாவை வாயைத் திறக்க விடாதே, சொன்ன நேரத்துக்கு டாண் என்று வந்து நிற்பார்கள் என்று நீ சொன்னாய். உன் மாமா தன் பங்குக்கு, அந்த ஜனங்கள் மகா கஞ்சர்கள், சிரிப்பதைக்கூடச் செலவாக நினைப்பார்கள், தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து உபயோகிப்பார்கள் என்றான். தீக்குச்சியைப் பிளக்கிற வீட்டில் பெண் எடுத்தால் குடும்பம் உருப்படும் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் பழைய புத்தகக் கடைக்காரர்தானே, அவரிடம் என்றோ வாங்கிய பூகோளப் புத்தகத்தில் அந்த நாட்டுப் பாடத்தை மனப்பாடம் செய்தேன், அவர்கள் ராஜாவின் பேர் உட்பட. நீ அங்கே போன நாளிலிருந்து அந்த ராஜாவின் ஆரோக்கியத்துக்காகத் தினமும் சாமியிடம் வேண்டிக்கொண்டு வருகிறேன், ராஜா நன்றாக இருந்தால்தானே அவர் நிழலில் நீயும் நன்றாக இருப்பாய்.

பன்னிரண்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. பதினொன்றரைக்கே உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உதட்டை ஒட்டவைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டராகப் பஸ்ஸில் காலமெல்லாம் உள்ளே போங்க, உள்ளே போங்க என்று தொண்டை கிழியக் கத்தின மனிதர், கையைக் கட்டிக்கொண்டு மூச்சு விடுகிற சத்தத்தைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார், எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. பன்னிரண்டும் ஆயிற்று, ஒன்றும் ஆயிற்று, ஒருத்தரையும் காணோம். உன் அக்கா தெருக்கோடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்து, அவங்க பூங்காவுல உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்கம்மா என்றாள். பசித்த விருந்தாளி நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு நூறு அடி தூரத்தில் பிஸ்கட் தின்பானேன் என்று எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றரை மணிக்கு வந்தார்கள். வந்தவர், அதாவது உனக்கு மாமனார் ஆகப்போகிறவர், வாசலிலேயே நின்றுகொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு வணக்கம் போட்டார், நம் பாஷையில். அதற்கப்புறம் அவர் பாஷையில் என்ன சொன்னாலும் கத்தல்தான். தண்ணீர் கேட்டாலும் கத்தல், சட்டம் போட்டு மாட்டியிருந்த உன் போட்டோவைக் காட்டி ஏதோ கேட்டாலும் கத்தல். நூலகத்தில் வேலை பார்க்கிறவர் என்றாயே, அங்கே யார் படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கேட்பார், உன் அப்பா தலையை மட்டும் ஆட்டுவார். இந்த மனுஷருக்கு என்ன கோபமோ என்று நாங்கள் நினைக்க, இந்த மனுஷருக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் நம் பாஷையை நன்றாகவே பேசுகிறாள், உன்னிடம் கற்றதால் உன்னைப் போலவே பாதி வாக்கியத்தை முழுங்குகிறாள். அவள்தான் இரண்டு பக்கத்துக்கும் பேச்சை மாற்றிச் சொன்னாள். அவள் அம்மா பல் வைத்தியரிடம் உதவிக்கு இருக்கிறவளாம், யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறாள். சமையலறைக்கு வந்து கூட மாட ஒத்தாசை செய்யட்டுமா என்று சாடையில் கேட்டாள், எனக்கு நிஜமாகவே ஆள் தேவைப்பட்டதால் சரி என்று கரண்டியைக் கொடுத்துவிட்டேன். அவள் திகைத்துப் போனாள். இந்த நாட்டுக்காரர்கள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாளாம். ஆனாலும் நன்றாகவே பரிமாறினாள். சாப்பாட்டுக்கு நடுவில் நான் மெதுவாக, உங்கள் ராஜா சௌக்கியமா என்று விசாரித்தேன். பெண் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, எங்க நாட்டுல ராஜாவே இல்ல அத்தை, தாத்தா காலத்துலயே துரத்திட்டோம் என்றாள். துரத்தின கூட்டத்தில் அவள் தாத்தாவும் ஒருத்தராம். நீ இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொன்னாயா? இல்லாத ராஜாவுக்கு வேண்டிக்கொண்ட அத்தனை வேண்டுதலையும் அன்று இரவே உன் பேருக்கு மாற்றிவிட்டேன், சாமி கணக்கு எங்கேயும் போய்விடாது.

பழம் சாப்பிடும்போதுதான் வினை வந்தது. அவள் அப்பா, எல்லாம் நல்லபடியாக அமைந்தால் கல்யாணத்துக்கு ஒரு தேதி யோசித்து வைத்திருக்கிறேன், அன்றைக்கு எங்கள் நாட்டில் விடுமுறை, சொந்தக்காரர்கள் எல்லோரும் வர முடியும் என்று தேதியைச் சொன்னார். உன் மாமா கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டான். அது நம் துறைமுகம் எரிந்த நாள் என்று உனக்கு நினைவு இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் மௌனமாக நிற்க வைப்பார்களே, அதே நாள். அவர்கள் நாட்டில் அது விடுதலை நாளாம், கொடியேற்றிக் கொண்டாடுகிறார்களாம். உன் மாமா எழுந்து நின்று, வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஆரம்பித்தான், நீங்கள் கப்பல் கொண்டு வந்து தீ வைத்தீர்கள், எங்கள் தளபதி உங்களை அடித்து விரட்டினார் என்று கால் மணி நேரம். பெண் அதை நாலே வார்த்தையில் அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் பதிலுக்குக் கூரை அதிரக் கால் மணி நேரம் கத்தினார். அதை அவள் எங்களுக்கு, அப்பாவுக்கும் வருத்தம்தான் என்று மாற்றிச் சொன்னாள். மாமா சொன்னதை எப்படிச் சொன்னாய் என்று பிறகு தனியாகக் கேட்டேன், மாமா வருத்தப்படுறாருன்னுதான் சொன்னேன் அத்தை என்கிறாள். ராஜாங்கத் தூதுக்கு அனுப்பலாம் இந்தப் பெண்ணை.

ஆனால் உன் மாமா விடுகிற ஆளா, முழுசாகச் சொல்லு பெண்ணே, ஒரு வார்த்தை விடாமல் சொல்லு என்று பிடித்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் சொன்னாள். விலைத் தகராறில் அவர்கள் மாலுமிகளை நாம் சிறையில் போட்டோமாம், அவர்களை மீட்கத்தான் கப்பல் வந்ததாம், தீ நம் எண்ணெய்க் கிடங்கிலிருந்தே பிடித்ததாம், நம் தளபதி மாலுமிகளின் சரக்கைச் சுருட்டிய திருடனாம், அவர்கள் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். அவருக்குச் சரித்திரமாவது ஒன்றாவது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேருந்து நிறுத்தம். மத்தியானம் முழுக்க அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் ஒரேயடியாக வெளியே வந்தது.

"தளபதி சிலை, தளபதி சிலைன்னு முப்பது வருஷமா கத்தி ஜனங்களை இறக்கி விட்டிருக்கேன். அவர் திருடன்னா, நான் இத்தனை பேரையும் திருடன் காலடியிலயா இறக்கி விட்டேன்?"

ஜன்னல் கண்ணாடி நடுங்கிற்று. முடிந்தது கதை, பெண்ணைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தால் அவள் அப்பா உட்கார்ந்தபடி உன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் பேசினார் பார், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குரல், நாங்கள் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்ணும் இந்தத் தடவை எதையும் குறைக்காமல் சொன்னாள். "என் தாத்தாவுக்குத் தாத்தா உங்க சிறையில இருந்தாரு. அப்போ அவருக்குப் பத்தொன்பது வயசு. வீட்டுக்கு வந்தப்புறம் சாகிற வரைக்கும் அவர் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கினது இல்லையாம். அந்த நாள் எங்களுக்கு ஜெயிச்ச நாள் இல்ல. அவர் வீடு திரும்பின நாள்."  உன் மாமா, சிறையைப் பற்றி எங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை, இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை என்றான். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் அந்தத் தீயில் செத்துப் போனதை அவர்களுக்குச் சொன்னான். அது எங்கள் புத்தகத்தில் இல்லை என்று அவர் சொன்னார். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் விடவில்லை. தளபதி திருடனா இல்லையா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை, உன் மாமாவும் அவரும் அதற்காகத் தனியாகக் கடிதம் எழுதிக்கொள்வதாக முகவரி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அது அவர்கள் பாடு.

அப்புறம்தான் உன் அப்பா கேட்டார், இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர் மத்தியானம் பூரா ஏன் கத்தினீர்கள் என்று. அவர் பெண்ணைப் பார்த்தார், பெண் தரையைப் பார்த்தாள். இந்த நாட்டில் மெதுவாகப் பேசினால் கர்வம் பிடித்தவன் என்று நினைப்பார்கள், கத்திப் பேசுங்கள், சொன்ன நேரத்துக்குப் போனால் சாப்பாட்டுக்கு அலைகிறவன் என்பார்கள், ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போங்கள் என்று நீதான் சொன்னாயாம். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாவம். ஏழு பேரும் சுவரில் இருந்த உன் போட்டோவைத் திரும்பிப் பார்த்தோம். உன் அக்காதான் முதலில் சிரித்தாள், அப்புறம் எல்லோரும், உன் மாமா கஞ்சர்கள் என்று சொன்ன அந்தச் சிரிக்காத ஜனங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். லீவு விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. லீவு கிடைத்து அறையிலேயே படுத்திருக்கிறாயாமே. அந்தப் பெண் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் நேராகக் கேட்டதும் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். போகும்போது அவள் அப்பா சொன்னது இது. உங்கள் குடும்பத்தைப் பிடித்திருக்கிறது, உங்கள் குரலும் பிடித்திருக்கிறது, ஆனால் சொந்த அப்பாவை என்னிடமிருந்தும் என்னை அவரிடமிருந்தும் மறைத்து வைக்கிற பையன் நாளைக்கு என் பெண்ணிடமிருந்து எதை மறைப்பான் என்று தெரியவில்லை, அவனே வந்து என் முன்னால் நின்று பேசட்டும், அப்புறம் சொல்கிறேன். இந்த மாதக் கடைசி வரை இங்கே விடுதியில்தான் இருப்பார்களாம். தேதியை இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளச் சம்மதம், அதைப் பற்றி நீ பயப்பட வேண்டாம்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் இப்படி, இந்த ஊர்க்காரர்கள் அப்படி என்று ஊர் பேசுவதை எடுத்து இரண்டு பக்கத்துக்கும் சட்டை தைத்துப் போட்டுவிட்டாய், ஒருத்தருக்கும் அளவு சரியில்லை. உன் அப்பா உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சின்னப் பையன் தானே, பயந்துட்டான் என்று மட்டும் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் மெதுவாகப் பேசுகிறார். காலையில் பால்காரரைக் கூப்பிட மாடியிலிருந்து கத்துகிறவர், இப்போது படியிறங்கிப் போய்க் கூப்பிட்டுவிட்டு வருகிறார். கேட்டால், எல்லாருக்கும் தொந்தரவா இருந்திருக்கும் போல, யாரும் சொல்லாம இருந்திருக்கீங்க என்கிறார். எனக்கு இது சகிக்கவில்லையடா. அந்தக் குரலில்தான் நீ பிறந்த செய்தி ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்தது.

நீயும் அந்தப் பெண்ணும் நீண்ட ஆயுளோடு, குறையொன்றும் இல்லாமல் வாழ ஆண்டவன் துணையிருப்பான். கையில் இருக்கிற பணத்தில் முதலில் பயணச் சீட்டை வாங்கு, மற்றச் செலவு பிறகு. உன் மாமாவுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதாம், அந்த அம்மாள் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள், அவன் நம்பவில்லை, நீயும் ஒரு வார்த்தை சொல்லு. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உன் அப்பா பேருக்கு ஒரு கடிதம் எழுது. அவர் குரலுக்காக நீ வெட்கப்பட்டாயா இல்லையா என்று உள்ளதை எழுது. எந்த நாள் வருகிறாய் என்றும் அதிலேயே எழுது, சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா