முத்துச்செல்வியைக் கேட்காமல்

செவ்வாய், ஜூலை 8

காலை ஏழு மணிக்கே அனல். ஒரகடம் மேம்பாலத்தின் கீழ் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது.

செய்ய வேண்டியவை:
— கருநீலச் சட்டை இஸ்திரி. (நாளை கூட்டம். பூப்போட்டது வேண்டாம், சைகை எடுபடாது.)
— போன் ஸ்டாண்ட், புதிது.
— அப்பாவுக்கு வீடியோ கால். மூன்று நாளாகக் கூப்பிடவில்லை, கோபத்தில் இருப்பார்.
— முத்துவின் பேச்சை இன்னொரு முறை பார்ப்பது.

நாளை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிலிருந்து அறிவிக்கப் போகிறார்கள். எங்கள் கைப்பேச்சு வீடியோ உதவி மாவட்டம் முழுக்கப் போகிறது! முத்துச்செல்வி கண்ணாடி முன் நின்று மூன்று தடவை பேசிப் பார்த்துவிட்டாள். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் கையால்தான். நான் பக்கத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டு வருடம் ஆகிறது. முத்து சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், எங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனை லைனில் வேலை. காது கேளாதவர்கள் இருபத்திரண்டு பேர் அந்த லைனில். நான் எச்.ஆர். உதவியாளர். அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, அதனால் எனக்குக் கைதான் தாய்மொழி. ஒருநாள் முத்து காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு என்னவோ கேட்டார். இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "இந்த ஊசி ஒத்துக்குமா" என்று கேட்டதற்கும். இரண்டு நாள் உடம்பெல்லாம் தடித்துக் கிடந்தாள். அடுத்த முறை போனபோது என்னை வீடியோவில் கூப்பிட்டு, போனை டாக்டர் மேசையில் நிறுத்திவிட்டாள்; இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்தேன். கண்டுபிடிப்பு அவ்வளவுதான். அவளுடையது.

இன்று அழைப்பு எடுக்க ஏழு பேர் இருக்கிறோம். யாருக்கு எந்த நேரம் என்ற பட்டியல் முத்து போடுவது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பேங்க், வீட்டு ஓனர் சண்டை. கைப்பேச்சு என்ற பெயரும் அவள் வைத்ததே.

புதன், ஜூலை 9

எழுதித் தொலைக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ஹால். மேடைக்குப் பின்னால் "யாரும் விடுபடாத மாவட்டம்" என்று பேனர். முத்துவைக் குத்துவிளக்கு ஏற்ற வைத்தார்கள். படம் எடுத்தார்கள். பிறகு நான்காவது வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

நான் மேடை ஓரம் நின்று கையசைக்க ஆரம்பித்தேன். ஒருவர் வந்தார். "மேடம், கொஞ்சம் கீழ உக்காருங்க. ஸ்கிரீன் மறைக்குது."

"நான் நின்னாத்தான் சார் அவங்களுக்குப் புரியும்."

"அதான் ஸ்லைடு ஓடுதே."

ஸ்லைடு ஆங்கிலத்தில்.

துறை அமர்த்திய ஆலோசகர் பேசினார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், அதுதான் எரிகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு டேப்லெட். நர்ஸ் பேசினால் எழுத்தாக வரும். நோயாளி 'ஆம்', 'இல்லை' அமுக்கலாம். இதுதான் கைப்பேச்சின் அடுத்த கட்டமாம்! எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நேரம் போய்விட்டது என்று முத்துவின் பத்து நிமிடத்தையும் எடுத்துவிட்டார்கள்.

முத்து எழுந்து கையைத் தூக்கினாள். "எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சைகையில் யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்தைக் காட்டினால் யாருக்குப் பயன்?"

நான் குரல் கொடுத்தேன். ஆலோசகர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "அவங்க உணர்வு புரியுதுன்னு சொல்லுங்க. ஆனா ஆளுங்கள நம்பி ஒரு திட்டத்தப் பெருசாக்க முடியாதும்மா."

ஆளுங்கள நம்பி. ஆள்களுக்காகத்தானே திட்டம்?

சாப்பாடு: வெஜ் பிரியாணி. முத்து தொடவில்லை. நான் சாப்பிட்டேன். அதற்கும் சேர்த்து என் மேலேயே கோபம்.

வியாழன், ஜூலை 10

மேனேஜர் கூப்பிட்டார். நம் கம்பெனியும் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. "தேவகி, இனிமே அந்த கால் எல்லாம் டியூட்டில எடுக்காத. துறையோட சர்வீஸ் வந்துடுச்சி. நடுவுல நீ ஏதாவது தப்பா சொல்லி வெச்சா கம்பெனி பேருதான் கெடும்."

"ரெண்டு வருஷத்துல ஒண்ணாவது தப்பாச்சா சார்?"

"ஆர்கியூ பண்ணாதம்மா."

முத்துவிடம் சொன்னேன். பட்டியலில் என் பகல் நேரத்தை அடித்தாள். அடிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

அப்பா வீடியோவில். பல்வலி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருடன் சண்டை?" என்றார். உலகத்துடன் என்றேன். சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடு என்றார்.

செவ்வாய், ஜூலை 15

டேப்லெட் வந்தாயிற்று. அரசு ஆஸ்பத்திரிக்குப் போன லைன் பையன் படம் அனுப்பினான். கண்ணாடி அலமாரிக்குள், மாலை போட்டு.

ஹாஸ்டலில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. சாயங்காலம் நல்ல மழை. துணி உள்ளே எடுக்க மறந்தேன்.

சனி, ஜூலை 19

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். பிறகு யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

மதியம் 2.40. யோகேஷ் வீடியோவில். வல்லக்கோட்டைக்காரன், முத்துவின் லைன். அவனுக்கும் மனைவி கௌசல்யாவுக்கும் காது கேட்காது. அவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. அடுத்த கேபினில் மேனேஜர். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஐந்து முறை விட்டேனா, ஆறு முறையா? எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். கௌசல்யா வயிற்றில் கை வைத்தாள். பிறகு உள்ளங்கையைத் தட்டையாக, அசையாமல் காட்டினாள். "நேற்று சாயங்காலத்திலிருந்து."

"சிஸ்டரிடம் சொன்னாயா?"

"அந்தக் கருவியில் கேட்டார்கள். அசைவம் உண்டா என்று. ஆம் அமுக்கினேன். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்."

ஒரு நொடி எனக்கே புரியவில்லை. அசைவம்? பிறகு பிடிபட்டது. சிஸ்டர் கேட்டது அசைவு இருக்கா என்று. குழந்தையின் அசைவு. கருவி எழுதியது அசைவம். சாப்பாட்டு விசாரணை என்று நினைத்து இவள் 'ஆம்' அமுக்கியிருக்கிறாள்.

"உள்ளே போங்கள். போனை சிஸ்டர் முகத்துக்கு நேரே நீட்டு."

கேட்டில் வாட்ச்மேன். "இன்னாபா மறுபடியும்? ஓ.பி. முடிஞ்சிச்சி, திங்கக்கெழம வா."

போனிலிருந்து கத்தினேன். "அண்ணே, வழி விடுங்க! வயித்துப் புள்ள அசையல!"

அந்த மனிதர் கேட்டைத் திறந்ததோடு நிற்கவில்லை, முன்னால் ஓடினார். "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அவர் குரல்தான் வராந்தா முழுக்க. கருவி எதுவும் இல்லாமல் அவருக்குப் புரிந்தது.

சிஸ்டர் போனைப் பார்த்தார். "இன்னாமா சொல்ற? இப்பத்தான அசைவு கீதுன்னு அமுக்கிச்சி?"

"அதுல அசைவம்னு வந்திருக்கு சிஸ்டர். கறி மீன் அசைவம். அவ கறி சாப்புடுவேன்னு சொல்லியிருக்கா."

சிஸ்டர் டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஐயோ, முருகா."

குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்திருந்தது. டாக்டர் வந்தார், உடனே ஆபரேஷன் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் கௌசல்யாவுக்குக் கையால் சொன்னேன். எங்கே வெட்டுவார்கள், எங்கே மரத்துப்போகும், கண் விழித்திருக்கலாம். அவள் கேட்டாள்: "பிழைக்குமா?" டாக்டரிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அதை அப்படியே சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தியேட்டருக்கு வெளியே யோகேஷ். படிக்கட்டில் நான். ஒருவரை ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு போனில் ஒரு சத்தம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். நிமிர்ந்தான்.

"அழுகிறது" என்றேன் கையால். "நல்ல சத்தம்."

பெண் குழந்தை.

திரும்பிப் பார்த்தால் படிக்கட்டின் மேலே மேனேஜர்.

ஞாயிறு, ஜூலை 20

முத்துவும் நானும் ஆஸ்பத்திரி. குழந்தை கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் குழாய். டாக்டர் பயம் இல்லை என்கிறார். கௌசல்யா எழுந்து உட்காரப் பார்க்கிறாள், சொன்னால் கேட்பதில்லை.

அந்த சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நா ஒருத்தி, பெட்டு முப்பது. அத காட்டித்தான் பேசணும்னு ஆர்டர். வேற இன்னா பண்ணுவேன், சொல்லு." அழுதார். இவர் மேல் கோபப்பட முடியவில்லை. கோபம் இன்னும் மேலே போக வேண்டியது.

செவ்வாய், ஜூலை 22

துறையின் செய்தி, வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லா குரூப்பிலும். "புதிய கருவியின் உதவியால் காது கேளாத தாயும் சேயும் நலம். திட்டத்தின் முதல் வெற்றி." படம்: கட்டிலில் கௌசல்யா, மடியில் டேப்லெட்.

மடியில் குழந்தை இருக்க வேண்டிய இடத்தில்!

யோகேஷைக் கேட்டேன். யாரோ வந்தார்களாம், கருவியை வைத்தார்களாம், படம் எடுத்தார்களாம், போய்விட்டார்களாம். எதற்கு என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்?

முத்து இதைப் பார்த்துவிட்டு கேன்டீன் மேசையில் ஓங்கி அடித்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அடித்திருப்பாள்.

வியாழன், ஜூலை 24

முதல் ஷிப்ட் முடிந்து பதினான்கு பேர். நான் அரை நாள் லீவு. துறை அலுவலகத்துக்கு பஸ்ஸில். வழியில் முத்து சொன்னாள்: "இன்று நீ வாய் திறக்காதே. நான் தலையசைக்கும் வரை."

கொஞ்சம் வலித்தது. இரண்டு வருடம் குரல் கொடுத்தவள் நான். அவள் கண்டுகொண்டாள். "நீ இருக்கிற வரை எங்களைப் புரிந்துகொண்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்" என்றாள்.

அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். "சொல்லுங்கம்மா" என்று என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டேப்லெட்டை வரவழைத்தார். அதில் பேசினார். ஏதோ எழுத்து வந்தது. படித்த மூன்று பேர் மூன்று விதமாகத் தலையாட்டினார்கள்.

முத்து எழுந்தாள். அன்று கொடுக்காத பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டாள். ஊசி, கௌசல்யா, கேட்காமல் எடுத்த படம், எல்லாம். கைகள் காற்றை அறைந்தன. பின்னால் பதின்மூன்று பேர் 'ஆமாம்' என்று முஷ்டியை அசைத்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "என்னம்மா சொல்றாங்க? நீ சொல்லேன்."

"அவங்களையே கேளுங்க சார்."

கிளார்க்கைக் கூப்பிட்டார். "நம்ம ஆபீஸ்ல சைகை மொழி தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க சார்."

"ஒருத்தர் கூடவா?"

கிளார்க் தலையைச் சொறிந்தார். அதிகாரி முகம் சிவந்தது. எங்கள் மேல் இல்லை என்று நினைக்கிறேன். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

முத்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். "என் பெயர் முத்துச்செல்வி" என்று ஆரம்பித்தேன். அவள் மறுபடி முதலிலிருந்து வந்தாள், ஒரு சைகை குறையாமல். பாதியில் நான் பின்தங்கினேன். அவள் நிற்கவில்லை, நானும் ஓடினேன்.

கேட்டது மூன்று. திட்டக் குழுவில் காது கேளாதவர்களுக்கு இடம். பிரசவ வார்டில் டேப்லெட் நிறுத்தம், பதிலாக ஆள் பேசும் வீடியோ அழைப்பு. அந்தச் செய்திக்கு மறுப்பு.

"எல்லாமே பண்ணிடலாம்" என்றார்.

முத்து: "எழுதிக் கொடுங்கள்."

எழுதினார். குழுவில் மூன்று இடம், சரி. டேப்லெட் "பரிசீலனையில்". மறுப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. முத்து தாளை இரண்டு முறை விரல் வைத்துப் படித்தாள். விடுபட்டதைப் பேனாவால் ஓரத்தில் எழுதி, அவரிடமே திருப்பி நீட்டினாள். அவர் பெற்றுக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.

வெள்ளி, ஜூலை 25

மேகமூட்டம். குழந்தையின் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்களாம்.

பதினொரு மணிக்கு மேனேஜர் மெமோ கொடுத்தார். சனிக்கிழமை பணி நேரத்தில் தடை செய்யப்பட்ட அழைப்பை எடுத்தீர்களா, ஆம் / இல்லை. ஆம் என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். காரணம் எழுத ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள். முதலில் கோபத்தில் நிறைய வந்தது, வேறு தாளில் எழுதிக் கிழித்தேன். பிறகு அந்த வரியில் ஒரே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்:

"கூப்பிட்டார்கள்."