தார் பீப்பாயும் இரண்டு டம்ளர் தண்ணீரும்

லிங்கராஜபுரம், பெங்களூர்
12-11-1938

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு பெர்னதெத் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

நேற்று நான் ஓர் அதிகாரிக்கு எதிரே வாய் திறந்து பேசிவிட்டேன்! பயப்படாதீர்கள், நல்ல செய்திதான்.

என் அறைக்குப் பின்னால் இருபது குடும்பங்களுக்கு ஒரே கிணறு. மழைக்குப்பின் தண்ணீர் நாறியது. சுகாதார இன்ஸ்பெக்டர் பிளீச்சிங் பவுடர் போட்டார்; நாற்றம் இன்னும் கூடியது. "இந்த ஜனங்க அழுக்கு. கிணத்த மூடிடலாம்" என்றார். கிணற்றுக்கு மேலே மேட்டில் புதிய ரோட்டுக்கான தார் பீப்பாய்கள் ஒழுகிக் கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

நான் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

"மோந்து பாருங்க சார்."

"ரெண்டுமே ஆஸ்பத்திரி வாசனை."

"ஒண்ணு கிணத்துத் தண்ணி. இன்னொண்ணு குழாய்த் தண்ணி சார். அதுல பீப்பா அடியில இருந்த தார் மண்ணும் உங்க பவுடரும்தான் போட்டேன். ரெண்டும் சேந்தாதான் இந்த நாத்தம்."

எதிர்வீட்டு ஞானம்மா அக்கா விடவில்லை. "அப்போ குழாயும் அழுக்கு ஜனமா சார்?"

கூட்டமே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

கிணற்றை மூடவில்லை! பீப்பாய்களை எடுத்துவிட்டார்கள். தார் மண்ணை வெட்டி அகற்றி, பத்து நாள் இறைத்தபின் நான் வேலை பார்க்கும் லாபரட்டரியில் நானே சோதிக்க வேண்டும். அதுவரை குடிக்கத் தெருக்கோடிக் குழாய்த் தண்ணீர்தான்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். புதியது வேண்டாம், துவைக்கவும் வேண்டாம்; நம் வீட்டு வாசனை போய்விடும். தம்பி நீளமாக எழுதட்டும், அம்மா திட்டுவதையும் விடாமல்.

"பெர்னி, ஆள் வந்தாச்சு. எங்க வெட்டணும்னு நீ வந்து சொல்லும்மா!" என்று ஞானம்மா அக்கா கூப்பிடுகிறார். ஓடுகிறேன்.

உங்கள் மகள்
பெர்னதெத்