அக்காவின் கோபத்தில் என் பங்கு

என் பிரியமான அக்கா,

பரலோகத்திலாவது யார்மேலும் கோபப்படாமல் இருக்கிறாயா? இங்கே, இந்த மராத்திக்கார ஊரில், வாகட் பக்கம் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அங்கிருந்து நம் தமிழ்ச் சபைக்கு வரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், உன்னைப் பார்க்காதவர்கள்கூட, உன் கதையைத்தான் கேட்கிறார்கள். எத்தனையோ வருஷமாகப் பாடகர் குழுவில் பாடுகிற என்னைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அந்த அசன விருந்தன்று நடந்ததைத்தான் கேட்கிறார்கள். அறுப்பின் பண்டிகை. சபைச் செயலாளர் செல்வின் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ரூபியின் கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். நீ சாம்பார் வாளியோடு அவர் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாய். "அவ கைய ஒடிச்சது யாருன்னு சொல்லுங்க, ஊத்துதேன்" என்றாய். விசுவாசிக்குக் கோபம் ஆகாது என்று கமிட்டிக்காரர்கள் பிறகு புத்தி சொன்னபோது, "கோவத்துல ஆலயத்து யாவாரிங்க மேசையக் கவுத்த ஆண்டவரத்தான நாம கும்புடுதோம்?" என்று கேட்டாய்.

கத்திவிட்டு ஓய்கிற கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கவலையில்லை. நீ ரூபியை நம் சாங்வி வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாய். என் கட்டிலைக் கொடுத்தாய். கை எலும்பு கூடியதும் ஹடப்சரில் தையல் வேலைக்குச் சேர்த்து, போக வர பஸ் பழக்கினாய். அவளையும் தங்கச்சி என்று கூப்பிட்டாய். எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. உன்னை அடக்கம் செய்த அன்று அவள் அழுத அழுகையில், கூடப்பிறந்தவள் எவள் என்றே வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு செல்வின் வந்தார், கமிட்டிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. "ஒங்க அக்கா இருந்தவரைக்கும் சரி. ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பாரம்? ரூபிய அனுப்பிருங்க. நீங்க சாந்தமானவங்க" என்றார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. வீடு பழையபடி என் வீடாகிவிடும். ரூபி உள்ளே போய், யாரும் சொல்லாமலே பெட்டியில் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள். செல்வின் அதைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ எங்கயும் வரமாட்டா. நீங்க எந்திரிங்க" என்றேன். உன் கோபத்துக்கு முன்னால் என் கோபம் உறை போடக் காணாது. ஆனாலும் அவர்கள் எழுந்து போனார்கள்.

மறுநாள் ரூபியோடு போலீஸ் சௌகியில் புகார் கொடுக்கப் போய் உட்கார்ந்தேன். என் அரைகுறை மராத்தியை அவள் பக்கத்திலிருந்து திருத்தினாள். நீ சொல்லிக்கொடுத்ததாம். எனக்கு ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை?

என்னைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நிறுத்தட்டும். பொறாமை போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். அது போகிறபோது போகட்டும். அதற்காக ரூபியை யார் கையிலும் பிடித்துக் கொடுக்கமாட்டேன். இது சத்தியம், அக்கா.

இப்படிக்கு,
உன் தங்கைகளில் மூத்தவள்